ஓட்டு வீடு வேடம் போட்ட ராணுவத் தலைமையகம்: வூன்ஸ்டார்ஃப் மைபாக் பங்கர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்லினிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, பைன் மரக் காட்டுக்குள் இருக்கிறது வூன்ஸ்டார்ஃப். இப்போது சோசன் நகராட்சியில் ஒரு பகுதி. இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முன்பே ஜெர்மன் தரைப்படை அங்கே தன் தலைமையகத்தைக் கட்டி, வெளியே பார்த்தால் சாதாரண நாட்டுப்புற வீடுகள் போலத் தெரியும்படி மறைத்து வைத்தது. பெர்லினைச் சுற்றிப் பார்க்க வரும் நம்மவர்கள் இந்த இடத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

முதலில், இது என்ன மாதிரி பங்கர்? மண்ணுக்குள் தோண்டிய குழியா?

இல்லை. ஈழத்தில் வளர்ந்தவர்களுக்கு பங்கர் என்றதும் வீட்டு முற்றத்தில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட குழிதான் நினைவுக்கு வரும். இது அந்த வகையே இல்லை. மைபாக் ஒன்று என்ற மறைபெயரில் இருந்த இந்தத் தலைமையகம் பன்னிரண்டு கட்டடங்கள், ஏ1 முதல் ஏ12 வரை எண் போட்டு, காட்டுக்குள் குதிரை லாட வடிவில் வளைவாக நிற்க வைத்தவை. ஒவ்வொன்றுக்கும் தரைக்கு மேலே வீட்டுத் தோற்றத்தில் மாடிகள், தரைக்குக் கீழே இரண்டு தளங்கள். எல்லாக் கட்டடங்களையும் பூமிக்கடியில் ஒரு வளையச் சுரங்கப் பாதை இணைத்தது, நீளம் சுமார் 600 மீட்டர். மழையோ குண்டோ, ஒரு அதிகாரி கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏ1லிருந்து ஏ12 வரை வெளியே தலை காட்டாமலே போய் வரலாம்.

இங்கே பீரங்கி இல்லை, எல்லைக்கோட்டைக் காக்கும் துப்பாக்கி மாடங்கள் இல்லை. இது ஓர் அலுவலகம். வரைபடங்கள், தட்டச்சு இயந்திரங்கள், தொலைபேசிகள், கோப்பு அலமாரிகள். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால்தான் இடம் புரியும். கோட்டை பார்க்கும் ஆசையோடு போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள்.

எப்போது கட்டினார்கள்? போருக்கு முன்பேயா?

ஆமாம், 1937ல் வேலை தொடங்கியது, 1939ல் முடிந்தது. 1939 செப்டம்பர் 1 அன்று போலந்து மீது படையெடுப்பு. அதற்குச் சில நாட்கள் முன்பு, ஆகஸ்ட் கடைசியில், தரைப்படைத் தலைமை இங்கே குடியேறிவிட்டது.

முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்குத் தலைமைப் படைத்தலைவர் குழுவே இருக்கக் கூடாது என்று தடை போட்டிருந்தது. 1935 மார்ச்சில் ஹிட்லர் அதைத் தூக்கி எறிந்து, கட்டாய ராணுவச் சேவையை அறிவித்தார். அடுத்த இரண்டே ஆண்டில் காட்டுக்குள் கான்கிரீட் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ தங்களைத் தாக்குவார்கள் என்று பயந்து கட்டியது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விஷவாயு புகாத கதவும் காற்று வடிகட்டியும் வைத்து, பெர்லின் எரிந்தாலும் கட்டளை நிற்காதபடி ஒரு தலைமையகத்தைச் சமாதான காலத்தில் கட்டுகிறவன், வரப்போகும் போரின் நீளத்தைக் கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறான்.

உருமறைப்பு எப்படிச் செய்தார்கள்?

1930களில் ராணுவத்துக்கு இருந்த பெரிய தலைவலி வானத்திலிருந்து எடுக்கும் புகைப்படம். காட்டுக்குள் தட்டையான பெரிய கான்கிரீட் மேடை இருந்தால், அதைச் சுற்றி லாரித் தடம் இருந்தால், படத்தைப் பார்ப்பவன் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். அதனால் மறைக்காமலே மறைப்பது என்று முடிவு செய்தார்கள். கட்டடம் தெரியட்டும், ஆனால் வீடாகத் தெரியட்டும்.

பிராண்டன்பர்க் பக்கத்து வீடுகள் போலச் செங்குத்தாகச் சரியும் கூரை, கூரையில் சின்னச் சின்னச் சாளரங்கள், மேலே புகைபோக்கி, வரிசையாக ஜன்னல்கள், சுற்றிலும் வெட்டாமல் விட்ட மரங்கள். மேலிருந்து பார்ப்பவனுக்கு ஏதோ குடியிருப்பு, அதிகாரிகளோ ஓய்வூதியக்காரர்களோ இருக்கும் காலனி. ஆனால் அந்தச் சுவர் செங்கல் இல்லை, இரும்பு முறுக்கிய கான்கிரீட். புகைபோக்கியில் புகை வராது, கீழ்த்தளங்களுக்கான காற்றுப் போக்குவரத்து அதன் வழியாகத்தான். கூரையைச் செங்குத்தாக வைத்ததற்கும் அழகு மட்டும் காரணம் இல்லை, விழும் குண்டு நேராகத் துளைக்காமல் சறுக்கிக்கொண்டு பக்கத்தில் போய் விழ வேண்டும் என்பது கணக்கு.

சுவிட்சர்லாந்திலும் இதே மாதிரி வீட்டு வேடம் போட்ட பங்கர்கள் உண்டு, ஜெனீவா ஏரிப் பக்கம் கிளாந்த் ஊரில் இருக்கும் ரோஜா நிற வீடு பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அது 1940ல் கட்டியது, உள்ளே பீரங்கியை வைத்துக்கொண்டு மேலே வண்ணம் பூசி ஜன்னல் வரைந்தது. வெறும் ஓவிய வேலை. வூன்ஸ்டார்ஃபில் வீடு வேடம் மட்டும் இல்லை, நாள்தோறும் ஆட்கள் மேல்மாடிகளில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள், சைரன் ஒலித்தால் கீழே இறங்கினார்கள்.

அந்த உருமறைப்பு பலித்ததா?

பல ஆண்டுகள் பலித்தது. பெர்லின் மீது 1943ல் இருந்து ராத்திரிக்கு ராத்திரி குண்டு விழுந்துகொண்டிருந்தபோது இங்கே வேலை தொடர்ந்து நடந்தது. 1945 மார்ச் 15 அன்று கதை முடிந்தது. அமெரிக்காவின் எட்டாவது விமானப்படை நூற்றுக்கணக்கான கனரக விமானங்களோடு வந்து, இந்தத் தலைமையகத்தையே குறிவைத்து அடித்தது.

அந்த நாளைப் பற்றி அப்போதைய தலைமைப் படைத்தலைவர் குடேரியன் பின்னாளில் எழுதியது சுவாரசியமானது. கிழக்கே சோவியத் படை முன்னேறியதில் வீட்டை இழந்த அவர் மனைவி, கணவரோடு சோசனில் (இந்தத் தலைமையகத்தை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்) தங்கியிருந்தார். எதிரி விமானங்கள் வரும் திசையை வரைபடத்தில் குறித்துக்கொண்டிருந்த சிப்பாயை அவர்தான் கவனித்தார். வழக்கமாக ஒரு கட்டத்தில் பெர்லின் பக்கம் திரும்பும் கோடு அன்றைக்குத் திரும்பாமல் நேரே வந்துகொண்டிருக்கிறதே என்று கணவரிடம் ஓடினார். எல்லோரையும் கீழே போகச் சொல்லி உத்தரவு போயிற்று. நடவடிக்கைப் பிரிவுக்காரர்கள் மட்டும் மேலேயே இருந்தார்கள், அவர்களில் ஜெனரல் கிரெப்ஸ் காயமடைந்தார். இரண்டு வாரத்தில் குடேரியனை ஹிட்லர் விரட்ட, தலைமைப் படைத்தலைவர் பதவி அதே கிரெப்ஸுக்குப் போனது.

ஹிட்லர் இங்கே இருந்தாரா?

இது ஹிட்லரின் பங்கர் இல்லை. அவர் கடைசியில் செத்தது பெர்லின் நடுவே இருந்த பங்கரில். போரின்போது அதிக நாட்கள் இருந்தது கிழக்குப் பிரஷ்யாவின் ‘ஓநாய்க் குகை’ முகாமில். வூன்ஸ்டார்ஃப் தரைப்படைத் தளபதிகளின் இடம். அவர்கள் மேல் அவருக்குச் சந்தேகம்.

1939 நவம்பர் 5 அன்று நடந்ததைச் சொன்னால் போதும். மேற்கே உடனே தாக்க வேண்டும் என்று ஹிட்லர் நின்றார், தரைப்படைத் தளபதி பிரௌஹிட்ச் முடியாது என்று காரணம் சொல்லப் போனார். ஹிட்லர் கத்தித் தீர்த்தார். ‘சோசனின் மனப்பான்மை’ எனக்குத் தெரியும், அதை நசுக்குவேன் என்றார். பிரௌஹிட்ச் வெளிறிப்போய் வெளியே வந்தார். அப்போது தலைமைப் படைத்தலைவராக இருந்த ஹால்டரும் வேறு சிலரும் ஹிட்லரைக் கவிழ்க்க அரைகுறையாக ஒரு சதி பேசிக்கொண்டிருந்த நேரம் அது. விஷயம் வெளியாகிவிட்டது என்று பயந்த ஹால்டர், சோசனுக்குத் திரும்பியதும் காகிதங்களை எரிக்கச் சொன்னார். உண்மையில் ஹிட்லருக்கு எதுவும் தெரியாது, வெறும் கோபம்தான். அந்தச் சதி அதோடு படுத்துவிட்டது.

அப்படியானால் இங்கே இருந்தவர்கள் நல்லவர்களா?

இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. ‘தளபதிகள் ஹிட்லரை எதிர்த்தார்கள்’ என்ற கதை கேட்க நன்றாக இருக்கும். சதி பேசிய அதே ஹால்டர், 1940ல் சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுக்கும் திட்டத்தை மும்முரமாகத் தயாரித்தார். அந்த ஆண்டு இறுதியில் அதற்கான வரைபடப் பயிற்சியை இங்கே நடத்தியவர் பவுலுஸ், பின்பு 1943ல் ஸ்டாலின்கிராடில் சரணடைந்தவர் இவர்தான். அந்தப் படையெடுப்பில் கோடிக்கணக்கானவர்கள் செத்தார்கள். கதகதப்பான அறையில், பென்சிலும் அளவுகோலும் வைத்துப் போட்ட கணக்கு அது.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. தளவாடத் தலைவர் எடுவார்ட் வாக்னர் 1944 ஜூலை 20 அன்று, ஹிட்லருக்குக் குண்டு வைத்த ஸ்டாஃபென்பெர்க் பெர்லின் திரும்ப விமானம் கொடுத்தவர். மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும் மூன்று நாள் கழித்து சோசனில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். ஆனால் இதே வாக்னர்தான் சோவியத் போர்க்கைதிகளுக்கு உணவைக் குறைத்த உத்தரவுகளுக்குப் பொறுப்பானவர். ஒரே ஆள். நல்லவர், கெட்டவர் என்று இரண்டு பெட்டி வைத்துக்கொண்டு இந்தக் கட்டடங்களுக்குள் போனால் ஒருவரையும் எதிலும் போட முடியாது.

இன்னொன்று. ராணுவ உளவுத்துறையில் இருந்த எதிர்ப்பாளர்கள், நாஜிகளின் குற்றங்களுக்கு ஆதாரமாகச் சேர்த்த காகிதங்களைச் சோசனில் ஒரு இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். 1944 செப்டம்பரில் நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ அதைக் கண்டுபிடித்தது. 1945 ஏப்ரல் தொடக்கத்தில் உளவுத்துறைத் தலைவராக இருந்த கனாரிஸின் நாட்குறிப்புகளும் இங்கேயே கிடைத்தன. ஏப்ரல் 9 அன்று கனாரிஸ், அதே உளவுத்துறையில் இருந்த ஓஸ்டர், மதகுரு போன்ஹோஃபர் ஆகியோரை ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள், போர் முடிய ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில். நாட்டிலேயே பத்திரமான இடம் என்று நம்பி வைத்தது அவர்கள் உயிரையே வாங்கிவிட்டது.

செப்பலின் என்று ஒரு பங்கர் சொல்கிறார்களே, அது வேறா?

வேறு, ஆனால் பக்கத்திலேயே. என்னைக் கேட்டால் மைபாக்கைவிட முக்கியமானது. அது தகவல் தொடர்பு பங்கர். மைபாக் வீடுகள் மூளை என்றால் இது நரம்பு என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், கேட்டுக் கேட்டுப் புளித்த வசனம் என்றாலும் தப்பில்லை. மைபாக் கட்டப்பட்ட அதே 1937 முதல் 1939 வரையிலான காலத்தில் கட்டினார்கள். முழுக்க மண்ணுக்கடியில், பிரதான பகுதி மட்டும் 117 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலம். ஐரோப்பாவின் எந்தப் போர்முனையோடும் தொலைபேசி, தொலை அச்சு வழியாகப் பேச முடிந்தது.

இந்த ஊரையே தேர்ந்தெடுத்ததற்கு ஒரு பெரிய காரணம் அதுதான். பெர்லினைச் சுற்றிப் போடப்பட்ட நெடுந்தூரத் தொலைபேசி கேபிள் வளையம் பக்கத்தில் ஓடியது. அதில் சொருகிக்கொண்டால் நாடு முழுக்கக் கைக்குள். அப்புறம் ரயில் பாதை, நெடுஞ்சாலை, 1900களிலிருந்தே ராணுவத்தின் கையில் இருந்த பயிற்சி நிலம் என்று மற்ற வசதிகளும் தயாராக இருந்தன.

மைபாக், செப்பலின் இரண்டுமே மறைமொழிப் பெயர்கள். மைபாக் எஞ்சின் கம்பெனி, செப்பலின் ஆகாயக் கப்பல். இரண்டு பெயர்களுக்கும் இந்த ஊரோடு சம்பந்தம் இல்லை, அதற்காகத்தானே வைத்தார்கள்.

மைபாக் இரண்டு?

முப்படைகளின் உயர் கட்டளைப் பீடத்துக்காக 1940ல் கட்ட ஆரம்பித்தது. அதே பாணி. முழுசாக முடியவில்லை.

சோவியத் படை வந்தபோது சண்டை நடந்ததா?

இல்லை என்றே சொல்லலாம். 1945 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்தநாள் அன்று, தலைமைப் பீடம் மூட்டை கட்டிக்கொண்டு பாட்ஸ்டாம் பக்கம் ஓடியது. மறுநாள் சோவியத் தளபதி ரிபால்கோவின் மூன்றாவது காவலர் டாங்கிப் படை வந்து சேர்ந்தது. காவலுக்கு விரல்விட்டு எண்ணும் அளவு ஆட்களே மிச்சம். ஒருவன் எழுந்து நிற்க முடியாத அளவு குடித்திருந்தான் என்று சொல்வதுண்டு. கீழே தொலைபேசி நிலையம் உயிரோடு இருந்தது, மணி அடித்துக்கொண்டே இருந்ததாம், செய்திகள் அச்சாகிக்கொண்டே இருந்தனவாம். மறுமுனையில் நிலவரம் கேட்ட ஜெர்மன் அதிகாரிக்கு ஒரு சோவியத் சிப்பாய் ‘இவான் வந்தாச்சு’ என்று (ரஷ்யச் சிப்பாய்களுக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பட்டப்பெயர்தான் இவான்) பதில் சொல்லி ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்தான் என்ற கதை பிரசித்தம். சொன்ன வாசகம் ஆளுக்கு ஆள் மாறும், கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் இடிந்து கிடக்கிறது? அமெரிக்கக் குண்டாலா?

கொஞ்சம் அதனால், பெரும்பாலும் சோவியத் வெடிமருந்தால். ஜெர்மனியின் ராணுவக் கட்டமைப்புகளை அழிக்க வேண்டும் என்ற நேச நாடுகளின் உடன்பாட்டின்படி 1946ல் மைபாக் கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். உள்ளே வெடி வைத்தால் சாதாரணக் கட்டடம் பொடியாகும். இவை பொடியாகவில்லை. சுவர் பிளந்தது, தளங்கள் தொங்கின, சில கூரைகள் அப்படியே ஒருமுறை எழும்பிக் கோணலாக உட்கார்ந்தன. அதனால்தான் இன்றைக்கும் காட்டுக்குள் வீட்டு உருவம் கெடாத இடிபாடுகள். வீட்டுக்கு இவ்வளவு தடிமனான சுவரா என்று வேடம் கலைந்து நிற்பதை அங்கே பார்க்கலாம்.

சோவியத்காரர்கள் எவ்வளவு காலம் இருந்தார்கள்?

1994 வரை. ஜெர்மனியில் இருந்த சோவியத் படைகளின் தலைமையகமே 1950களிலிருந்து வூன்ஸ்டார்ஃப்தான், அதாவது கிழக்கு ஜெர்மனி முழுவதிலும் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களுக்கு இங்கிருந்து உத்தரவு போனது. குடும்பங்கள், பள்ளிக்கூடம், கடைகள், நாடக அரங்கு, மாஸ்கோவுக்குத் தினசரி ரயில். ஊர்க்காரர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, ஊரின் நடுவே போகும் நெடுஞ்சாலையையே அடைத்து மக்களைச் சுற்றிப்போக வைத்தார்கள். ‘தடை செய்யப்பட்ட நகரம்’ என்று பெயர் வந்தது இப்படித்தான். செப்பலின் பங்கரைத் துடைத்துச் சரி செய்து 1960களிலிருந்து ‘ரானெட்’ என்ற மறைபெயரில் தங்கள் தகவல் மையமாக்கினார்கள். சுவரில் ரஷ்ய எழுத்துகள் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அங்கே கூம்பு மாதிரி உயரமான கோபுரங்கள் நிற்கின்றனவே?

அவை வின்கல் கோபுரங்கள். டூயிஸ்பர்க்கைச் சேர்ந்த லியோ வின்கல் என்ற பொறியாளரின் வடிவமைப்பு, காப்புரிமை 1934. தரைக்குக் கீழே தோண்டுவதைவிடச் செலவு குறைவு, கூம்பின் மேல் விழும் குண்டு சறுக்கிவிடும், மேலிருந்து பார்த்தால் ஒரு புள்ளிதான் தெரியும். ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கானவர்கள் அடைந்துகொள்ளலாம். இவை வேடம் எதுவும் போடவில்லை. என் கண்ணுக்கு, பொய்ப் புகைபோக்கி வைத்த வீடுகளைவிட இவைதான் நேர்மையான கட்டடங்கள்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, பங்கரைவிடப் பழைய தொடர்பு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து பிடிபட்டவர்களை வூன்ஸ்டார்ஃபில் ‘பிறை முகாம்’ என்ற போர்க்கைதி முகாமில் வைத்திருந்தார்கள். பிரிட்டனுக்கு எதிராக அவர்களைத் திருப்ப வேண்டும் என்பது ஜெர்மனியின் ஆசை. அதற்காக 1915ல் மரத்தால் ஒரு மசூதிகூடக் கட்டிக் கொடுத்தார்கள், ஜெர்மனியில் தொழுகைக்கென்று எழும்பிய முதல் மசூதி அது. 1920களில் இடித்துவிட்டார்கள். கைதிகளின் குரல்களை மொழி ஆய்வுக்காக இசைத்தட்டில் பதிவு செய்தார்கள், பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்தில் அவை இன்னும் இருக்கின்றன. குளிரிலும் காசநோயிலும் இறந்த இருநூறுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பக்கத்தில் செரன்ஸ்டார்ஃப் இந்தியக் கல்லறையில் கிடக்கிறார்கள். சோவியத் காலத்தில் அது பயிற்சி மைதானத்துக்குள் மாட்டிச் சிதைந்து போயிருந்தது, 2005ல் திரும்பச் சீரமைத்தார்கள். பங்கருக்குப் போகிறவர்கள் இதை விட்டுவிட்டு வராதீர்கள், நேரம் ஒதுக்குங்கள்.

எப்படிப் போவது? தனியாக உள்ளே நுழையலாமா?

பெர்லினிலிருந்து வட்டார ரயிலில் வூன்ஸ்டார்ஃப்-வால்ட்ஷ்டாட் நிலையம். அங்கிருந்து நடக்கலாம், கொஞ்சம் தூரம், செருப்பு வேண்டாம், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பங்கர்களுக்குள் வழிகாட்டியோடு மட்டும்தான் போக முடியும், நேரமும் மொழியும் முன்கூட்டியே இணையத்தில் பார்த்துப் பதிவு செய்வது நல்லது, ஏனென்றால் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் விளக்குவார்கள். வேலி தாண்டிக் குதிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரி செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். தொங்கும் கான்கிரீட், மூடாத குழிகள், பல பத்தாண்டு ராணுவ நிலத்தில் மிச்சமிருக்கும் வெடிபொருள் ஆபத்து. சட்டச் சிக்கல் தனி.

கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், கீழே குளிரும்.

வேறு என்ன பார்க்கலாம்?

1998லிருந்து இந்த ஊர் ‘புத்தக நகரம்’. ராணுவம் காலி செய்த கட்டடங்களில் பழைய புத்தகக் கடைகள். ஜெர்மன் படிக்கத் தெரிந்தால் பாதி நாள் அங்கேயே போய்விடும். கடையை ஒட்டி ராணுவக் குடியிருப்பின் வரலாறு சொல்லும் அருங்காட்சியகங்களும் உண்டு. அதிகாரிகள் மாளிகை முன்னால் லெனின் சிலை இன்னும் நிற்கிறது.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

பத்து வயசுக்கு மேல் என்றால் போகலாம், இருட்டும் படிக்கட்டும் பிடிக்கும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தள்ளுவண்டிக் குழந்தையோடு வேண்டாம், கீழே இறங்குவது சிரமம், நீண்ட விளக்கத்தில் அதுவும் அழும், நீங்களும் ஒன்றும் கேட்க முடியாது. ஒருவர் பிள்ளையோடு புத்தகக் கடையில் இருக்க, மற்றவர் உள்ளே போய்விட்டு வருவதே வசதி.